நமுத்துப் போன ஒரு சொல்

ஏழாயிரம்பண்ணை பஸ் நிறுத்தத்தில் நிம்மதியாக ஒரு டீ குடிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. கிளாஸைக் கையில் வாங்குவதற்குள் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "அண்ணாச்சி, சிரிக்க வச்சதுக்காக ஒரு ஆளுக்குச் சீட்டக் கிழிச்சீகளாமே, நெசமா?"

நிஜம்தான். கிழித்த போர்மேன் நான். கிழிபட்டவன் முத்துராசு. சினிமாவில் அவனுக்கு நமுத்து என்று பெயர். இடது புருவத்தில் பாதி இருக்காது. இருக்கிற பாதியை அவன் லேசாகத் தூக்கினாலே தியேட்டரில் சிரிப்பு கிளம்பிவிடும். அந்த நமுத்துதான்.

போன தீபாவளிக்கு ஒரு டிவி பேட்டியில் அவன் சொன்னான்: "எங்க கம்பெனியில தங்கையான்னு ஒரு போர்மேன் இருந்தாரு. மருந்து நிறுக்கிற தராசுல சிரிப்பையும் நிறுத்துப் பாப்பாரு. கூடிப்போச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிருவாரு." அதற்கு முன்பே ஒரு படத்தில் தொப்பையும் கிருதாவுமாக ஒரு போர்மேனை வைத்து என்னைக் கேலி செய்திருந்தான். கிருதாவை ஒத்துக்கொள்கிறேன். தொப்பை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நான் ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. சமீபத்தில் எங்கள் பழைய கம்பெனியில் ஒவ்வொரு அறைக்கும் சைரன் வைத்திருக்கிறார்கள். அதைக் காட்ட என்னைக் கூப்பிட்ட இளம் போர்மேன்கள், "சைரன் இல்லாத காலத்துல என்ன சார் செஞ்சீக?" என்று கேட்டார்கள். "ஒரு சொல் வச்சிருந்தோம்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வாங்கிவிட்டேன். யாரிடம் என்பது போகப் போகத் தெரியும்.

என் கதை சின்னது. அப்பா கூலிக்கு உழுதவர். மழை ஏமாற்றிய ஒரு வருடம் நான் பட்டாசுக் கம்பெனியில் தட்டு தூக்கப் போனேன். பிறகு குழாய் உருட்டினேன், திரி வெட்டினேன், மருந்து நிரப்பினேன். போர்மேன் தேர்வுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை, "தீயைப் பார்த்தால் முதலில் என்ன செய்வாய்?" என்று அதிகாரி கேட்டார். "ஓடுவேன் சார்" என்றேன். மற்றவர்களை வெளியேற்றுவேன் என்று சொல்லியிருக்க வேண்டுமாம். உண்மை பேசியதற்குத் தோற்கடித்தார்கள். அடுத்த முறை சரியான பொய்யைச் சொல்லித் தேறினேன்.

கம்பெனி மேனேஜர் ஞானப்பிரகாசம் சார். உயரமான மனிதர், தாழ்ந்த குரல். எதையும் இரண்டு தடவை சொல்லமாட்டார். இடுப்பில் சாவிக்கொத்து கிடையாது, சட்டைப்பையில் சில்லறை கிடையாது. இரும்பு எதுவும் உரசக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். எந்த அறைக்குப் போனாலும் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சி, உள்ளே இருப்பவர்களிடம் "என்ன வாடை?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல சார்" என்று பதில் வந்த பிறகுதான் காலை உள்ளே வைப்பார். ஒருநாள் யாரோ "கருவாட்டு வாடை சார்" என்று சொல்ல, அறையிலிருந்த நான்கு பேரின் சாப்பாட்டுத் தூக்கும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனது. மறுநாளிலிருந்து கம்பெனி முழுவதற்கும் அதுவே சட்டம்.

அந்தச் சொல் அவர் கொண்டுவந்ததுதான். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரையும் கேட்டுக்குள் நிறுத்திச் சொல்வார்: "ஓடுங்கங்கிற சொல்லு கம்பெனிச் சொத்து. ஆபத்துன்னா மட்டும்தான் அதை வெளிய எடுக்கணும். காதுல விழுந்தா ஏன், எதுக்குன்னு கேக்கக்கூடாது. கையில இருக்கிறத அப்படியே விட்டுட்டுப் பக்கத்து வாசல் வழியா வெளிய போயிரணும். மத்த நேரத்துல அந்தச் சொல்ல யாரும் புழங்கக்கூடாது."

சும்மா சொல்லிவிட்டார். தமிழில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள். பார்த்தீர்களா, எனக்கே வந்துவிட்டது. எங்கள் காம்பவுண்டுக்குள் பஸ் போகும், படம் நடக்கும், மோட்டார் சுத்தும், கடிகாரம் வேலை செய்யும். ஓட்டு வீடு கட்டியவர்கள் "செவப்பு வீடு" கட்டியதாகச் சொல்வார்கள். தாயில்பட்டியில் ஒரு பெண் லாரி டிரைவரோடு ஓடிப்போனபோது, எங்கள் பெண்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "விடிகாலையில அவனோட நடந்து போயிட்டாளாம்" என்று பேசிக்கொண்டார்கள். தேர்தல் வந்தபோது ஓட்டுப் போட்டதைச் சொல்லலாமா கூடாதா என்று சந்தேகம் எழுந்தது. சார் ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டு, ஓட்டு வேறு, ஓடு வேறு, போட்டதைச் சொல்லலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

இந்த இடத்துக்குத்தான் முத்துராசு வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயது, கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. நிரப்பும் அறைகளுக்குக் காலிக் குழாய் கொண்டுபோய்க் கொடுத்து, நிரப்பிய குழாயைத் தட்டில் வாங்கிவருவது அவன் வேலை. அவன் தூக்கி வந்தது தட்டு மட்டுமா? ஊர்ப்பட்ட கதையும் கூடவே வரும். முந்தின நாள் பார்த்த சண்டைப் படத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் சொல்வான். மருந்துத் தூசிக்காக மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருப்பான். கதை சொல்லும்போதும் அதை அவிழ்க்கமாட்டான்.

"வில்லன் துப்பாக்கிய எடுக்கான். ஹீரோ நடக்கான். வில்லன் வெரட்டி நடக்கான். ஹீரோ அதவிட வெரசா நடக்கான். ரயிலு ஒண்ணு அதுவும் நடக்குது."

அந்தச் சொல்லைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி வருவான். இதோ சொல்லிவிடப் போகிறான் என்று பெண்கள் சோற்றுக் கையோடு காத்திருப்பார்கள். கண்ணை உருட்டுவான், இழுப்பான், கடைசியில் வேறொன்றைச் சொல்வான். மருந்து நிரப்புகிற பேச்சியம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறும். இன்று அவன் படங்களில் ஊரே ரசிக்கிற பாணி அதுதான். அதை ஏதோ பெரிய எழுத்தாளர் யோசித்துக் கொடுத்தது என்று நினைக்கிறார்கள். கொடுத்தது எங்கள் மேனேஜர்.

சிரிப்பு எனக்குப் பிடிக்காதா? பிடிக்கும். ஆனால் மருந்து நிரப்புகிற கை ஆடக்கூடாது. அவன் அறை வாசலில் வந்து நின்றாலே உள்ளே நான்கு பேரின் தோளும் குலுங்க ஆரம்பிக்கும். "வாசல்ல வாயத் தொறக்காத" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "தொறக்கல அண்ணாச்சி, துண்டு கட்டியிருக்கு" என்பான்.

அவனுக்கு ஒரே ஒரு தோல்வி இருந்தது. அது காளியம்மாள். பேச்சியம்மாளின் அறையில் மூத்தவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், நிரப்பும் வேலையில் அவர் கைக்கு இணை கிடையாது. அவன் என்ன செய்தாலும் அவர் முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருப்பார். முத்துராசு எனக்குத் தெரிந்து நான்கு மாதம் அந்த ஒரு சிரிப்புக்காக உழைத்தான். நடந்துகாட்டினான், விழுந்துகாட்டினான், தவளை மாதிரிக் கத்தினான். "அத்தைக்கு என்னையப் பிடிக்கலயா அண்ணாச்சி?" என்று என்னிடமே வந்து கேட்டான். "உன்னைய எனக்கே பிடிக்கல, போ" என்றேன்.

அந்த வெறியில்தான் ஒருநாள் தப்பு நடந்தது. தாயில்பட்டிப் பெண் டிரைவரோடு நடந்துபோன கதையை மரத்தடியில் சொல்லிக்கொண்டிருந்தான். பெண்ணின் அப்பன் அரிவாளோடு வருகிறான். டிரைவர் வேகமாக நடக்கிறான், பெண் நடக்கிறாள், அப்பனும் நடக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், காளியம்மாள் ஊறுகாயைத் தேடிக்கொண்டிருக்கிறார். முத்துராசுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினான்.

"ஓடுங்க."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே ஆளிடம் பார்த்தவன் நான். மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். அவர்களைப் பார்த்துப் பேக்கிங் ஷெட் ஓடியது. லேபிள் ஒட்டுகிற பெண்கள் விரலில் பசையோடு ஓடினார்கள். கேட்டுக்கு வெளியே ரோட்டில் போய் மூச்சு வாங்கி நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர் ஞானப்பிரகாசம் சார். வலது கையில் மோர்ச்சோறு, காலில் செருப்பில்லை. பேச்சியம்மாளுக்குக் கால் சுளுக்கியது. வேறு சேதமில்லை. விஷயம் தெரிந்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்து எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், மறைக்க என்ன இருக்கிறது?

சார் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு முத்துராசுவைக் கூப்பிட்டார்.

"ஒரு சொல்ல நமுக்க விட்டுட்டியே, தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் பெண்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலம் வேன் ஏறும்போதே அவன் பெயர் நமுத்து ஆகிவிட்டது.

நமுத்த வெடி என்றால் தெருவில் ஓர் அர்த்தம். வெடிக்காது, சின்னப் பிள்ளைகூடக் கையில் எடுத்துப் பிதுக்கிப் பார்க்கும். கம்பெனிக்குள் அதற்கு நேர் எதிர் அர்த்தம். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். முதலில் மூத்திர வாடை மாதிரி ஒரு நெடி வரும், அப்புறம் புகை வரும், அப்புறம் பேசுவதற்கு நேரம் இருக்காது. காய்ந்த மருந்து நாம் தொட்டால்தான் கோபப்படும். நமுத்த மருந்து தானாகக் கோபப்படும். சார் சொன்னது இந்த நமுப்பை. பெண்கள் எடுத்துக்கொண்டது தெரு நமுப்பை.

சொல்லை மாற்றிவிடலாம் என்று சார் ஒரு வாரம் முயன்றார். "கெளம்புங்க" என்று வைத்தோம்; அது தினமும் சாயங்காலம் வேன்காரர் சொல்வது. "அவுட்" என்று வைத்தோம்; ரோட்டோரம் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். பழைய சொல்லுக்கே திரும்பினோம்.

அது நடந்து இரண்டு மாதம் கழித்து, தீபாவளி சீசன். ராத்திரி லேசாகத் தூறல் விழுந்திருந்தது. தூறல் விழுந்தால் மறுநாள் அறை திறப்பதற்கு ஒரு முறை உண்டு. போர்மேன் முதலில் செப்புத் தகட்டில் கை வைத்து உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்க வேண்டும். வெறும் காலோடு உள்ளே போய், தரையில் விரித்த ரப்பர் பாயை நான்கு மூலையிலும் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். நான்கு பக்க வாசலும் தடையில்லாமல் இருக்கிறதா, வெளியே தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் நான்கு பெண்களும் ஆளுக்கொரு வாசலை ஒட்டி உட்காருவார்கள். அதிகாலையில் கலந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே கொடுப்போம். வெயில் ஏறுவதற்குள் நிரப்பி முடித்துவிட வேண்டும்.

அன்று எல்லாம் பார்த்தேன். பாய் காய்ந்திருந்தது. மூலையில் துணி போட்டு மூடிய ஒரு தட்டு இருந்தது. முந்தின நாள் மீந்த மருந்து. சாயங்காலமே அறையிலிருந்து வெளியேற்றியிருக்க வேண்டியது. காலித் தட்டு என்று நினைத்துத் துணியைத் தூக்கிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு விரிசல், அதுவும் என் கண்ணில் படவில்லை. இதை என் பிழை என்று அன்றே எழுதிக் கொடுத்தேன், இப்போதும் எழுதுகிறேன்.

பத்து மணி இருக்கும். நான் இரண்டு அறை தள்ளி நின்று நோட்டில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துராசு காலிக் குழாயோடு அந்த அறை வாசலுக்குப் போனான். மூக்கை உறிஞ்சினான். தட்டைக் கீழே போட்டான். துண்டு கழுத்தில் இறங்கிவிட்டது.

"ஓடுங்க" என்றான்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"போலே நமுத்து" என்றாள் பேச்சியம்மாள். "எங்காலு இன்னும் நேராகல."

"நெசமாத்தான் மதினி. ஓடுங்க. நெசமா."

"நெசமாவாம்ல. இன்னொரு தடவ சொல்லு, கேப்போம்."

அப்போது நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். பேனாவைத் திறந்தேன். சீசன் நேரத்தில் திரும்பவும் விளையாடுகிறான், இன்றைக்கு இவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று பேனாவைத் திறந்தேன். இருபத்தைந்து வருடமாக என்னை உறுத்துவது அந்தப் பேனா.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். குரல் உடைந்தது. அதற்கும் சிரித்தார்கள், அவ்வளவு தத்ரூபமாகச் செய்கிறானாம்.

அப்போது காளியம்மாள் எழுந்தார். கரண்டியைப் போட்டார். ஒரு வார்த்தை பேசாமல் தன் வாசல் வழியாகச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். யாருக்கும் சிரிக்காத, எதற்கும் அவசரப்படாத காளியம்மாள் ஓடுவதைப் பார்த்ததும் மற்ற மூன்று பேருக்கும் சிரிப்பு நின்றது. "காளியக்காளே ஓடுதா" என்று பேச்சியம்மாள் கத்த, மூவரும் ஆளுக்கொரு வாசலில் பாய்ந்தார்கள். கடைசி ஆள் தாண்டும்வரை முத்துராசு வாசலைவிட்டு நகரவில்லை. எண்ணிப் பத்து ஆகியிருக்காது. அறை போய்விட்டது. கூரைத் தகடு பறந்து பக்கத்துக் காட்டில் விழுந்தது.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. முத்துராசுவைக் காற்று தூக்கி வேலியோரம் போட்டிருந்தது. முன்மயிர் பொசுங்கி, இடது புருவத்தில் பாதி இல்லை. அந்தப் பாதி பிறகு முளைக்கவே இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவன் அன்று முழுவதும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். நான் தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் காளியம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து போய், "தண்ணி குடிக்கீகளாக்கா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அதிர்ச்சி என்று நினைத்தேன். மூன்று முறை கேட்டுவிட்டுத் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"எம்புட்டு நாளாக்கா?"

"ஒரு காது சின்னதுலயே போச்சு. இன்னொண்ணு கொஞ்சங்கொஞ்சமா." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "மூஞ்சியப் பாத்தா வெளங்கிரும் தம்பி, யாரு என்ன பேசுதாகன்னு. அவன் வாயி எப்பவும் துண்டுக்குள்ள இருக்கும். இன்னைக்குத்தான் முழு மூஞ்சியப் பாத்தேன். வெளையாடுத மூஞ்சி இல்ல அது."

பிறகு என் கையைப் பிடித்தார். "எழுதிராதீக. எம் பொண்ணு விருதுநகர்ல நர்சு படிக்கா. இன்னும் ரெண்டு வருசம் இருக்கு."

எங்கள் பாதுகாப்பு முழுவதும் காதில் விழும் ஒரு சொல்லில் இருந்தது. அந்தச் சொல்லே விழாத ஒரு பெண்ணைப் பத்து வருடமாக மருந்து அறையில் வைத்திருந்திருக்கிறேன். சட்டப்படி அன்றே அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் அவர் மகள் செல்வியின் படிப்பு அதோடு நின்றுவிடும். காது கேட்கிற மூன்று பேரும் நானும் அசையாமல் இருந்தபோது, எல்லோரையும் வெளியே இழுத்தது கேட்காத அந்தக் காதுதான்.

விசாரணைத் தாளில் ஒரு கேள்வி: முதலில் வெளியேறியவர் யார், எதனால்? நான் எழுதினேன்: "காளியம்மாள். வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால்."

ஞானப்பிரகாசம் சார் அதைப் படித்தார். விரலால் மேஜையைத் தட்டினார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வாசலப் பாத்து உக்காந்தா காது நல்லாக் கேக்குமோ, தங்கையா?"

நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"லேபிள் செக்சனுக்குக் கண்ணு கூர்மையான ஆளு ஒண்ணு வேணும்னாக. நாளைக்கு அந்தம்மாவ அங்கன அனுப்பிரு" என்றார். அதற்கு மேல் காளியம்மாளைப் பற்றிப் பேச்சு எழவில்லை. லேபிள் ஷெட் கேட்டை ஒட்டியது, மருந்து அண்டாத இடம்.

அடுத்து முத்துராசு. அவன் மேல் குற்றம் ஒன்றும் இல்லை, நான்கு பேரைக் காப்பாற்றியவன் என்று நான் வாதாடினேன். சார் பொறுமையாகக் கேட்டார்.

"குத்தம்னு நானும் சொல்லல. ஆனா அவன் கொரலு இந்தக் காம்பவுண்டுக்குள்ள கேக்குற வரைக்கும் அந்தச் சொல்லு காயாது. அடுத்த தடவ ஒரு காளியம்மா இருக்கணுமே."

மதுரையில் கலைநிகழ்ச்சி நடத்தும் தன் மைத்துனருக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் நீட்டினார். கடிதத்தையும் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தது நான்தான். ஊரெல்லாம் சொல்லித் திரிகிற கிழிந்த சீட்டு இதுதான்.

முத்துராசு சீட்டைப் படிக்கவில்லை. "அத்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல அண்ணாச்சி? அவுக மட்டும்தான் என்னைய நம்புனாக" என்றான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, காது விஷயத்தைச் சொன்னேன். பொசுங்கிய முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப எங்காமெடி நல்லா இல்லாம இல்ல. அவுகளுக்குக் காதுதான் கேக்கல."

"அதுல என்னலே சந்தோசம்?"

"நாலு மாசமா ஒறக்கம் வரல அண்ணாச்சி."

அதன் பிறகு நடந்தது நாட்டுக்கே தெரியும். மதுரை மேடை, டிவி, பிறகு சென்னை. முதல் படத்தில் பிணமாகப் படுத்திருந்தான். பிணமாக இருந்தும் இரண்டு பேரைச் சிரிக்க வைத்ததாக அவனே சொல்லிக்கொள்வான். மூன்றாவது வருடம், துரத்தல் ஒன்றை நடந்து நடந்து விவரிக்கிற காட்சி வந்தது. சிவகாசித் தியேட்டருக்கு எங்கள் கம்பெனிப் பெண்கள் இரண்டு வேன் பிடித்துப் போனார்கள். பெயர் என்ன போடலாம் என்று கேட்டபோது நமுத்து என்று அவன்தான் சொன்னானாம். நிஜத்தைச் சொல்லி யாரும் நம்பாமல் தவிக்கிற ஆளாக ஒரு படத்தில் வருவான். ஜனங்கள் சிரித்துக்கொண்டே அழுத படம். பேச்சியம்மாள் அதைப் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் எந்தப் படத்திலும் அவன் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. காளியம்மாள் பெயரையும் சொன்னதில்லை. வேலை போன கதையை எல்லாம் தராசு, தொப்பை என்று என் தலையில் கட்டியே ஒப்பேற்றிவிட்டான். அது எதற்கென்று எனக்குத் தெரியும். அதனால் தொப்பையை நான் பொறுத்துக்கொண்டேன்.

இந்த வருடம் விருதுநகரில் ஒரு விருது விழாவுக்கு வந்தவன், முடித்துவிட்டு நேராக என் வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். "வாங்க அண்ணாச்சி, அத்தையப் பாத்துட்டு வருவோம். செல்வி காதுக்கு மிசின் வாங்கிக் குடுத்திருக்காம்லா" என்றான். செல்வி இப்போது பெரிய நர்ஸ். காளியம்மாளுக்கு எழுபது ஆகிறது. தாயில்பட்டியில் செவப்பு வீடு. ஓட்டு வீடு என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். அக்கம்பக்கமெல்லாம் ஜன்னலில் கூடிவிட்டது. காளியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து காதுமிசினைத் தட்டிச் சரிசெய்துகொண்டார். முத்துராசு பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து வாயில் கட்டினான். இத்தனை வருடம் கழித்து அவர் காதால் கேட்பதற்காகவே, நாற்பது பேர் கொண்ட படக்குழு முன்னால்கூடத் தடுமாறாதவன் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு ஆரம்பித்தான். அப்பன் நடக்கிறான், டிரைவர் நடக்கிறான், பெண் நடக்கிறாள். ஜன்னல் முழுவதும் சிரிப்பு. செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காளியம்மாள் முழுவதையும் உன்னிப்பாகக் கேட்டார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

முத்துராசு துண்டை இறக்கினான்.

"இதுக்காலே அவளுக அந்தச் சிரிப்புச் சிரிச்சாளுக? நான்கூடப் பெருசா என்னமோ சொல்லுதன்னுல்ல நெனச்சேன்."

என் வாழ்க்கையில் நமுத்துவின் முகம் அப்படித் தொங்கி நான் பார்த்ததில்லை. விருது வாங்கி வந்தவன் பாதிப் புருவத்தைத் தடவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்றால் பாவம்தான், ஆனால் குளிர்ந்தது. இந்தக் கதையை எழுதட்டுமா என்று அப்போதுதான் காளியம்மாளிடம் கேட்டேன். "எழுதிக்கிடுங்க தம்பி, இனிமே என்னைய எவன் வேலைய விட்டு எடுக்கப் போறான்" என்றார்.

வடையும் காப்பியும் வந்தன. செல்வி வாசலை எட்டிப் பார்த்து, தெருவில் கூட்டம் சேர்கிறது, இனிமேல் கார் நகர்வது சிரமம் என்றாள். காளியம்மாள் முத்துராசுவின் கன்னத்தைத் தடவினார்.

"சரி, நேரமாச்சு, ஓடுங்க" என்றார்.

டம்ளர் விழுந்த சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. அடுத்து நான் தெருவில் நிற்கிறேன், வெறும் காலோடு. அறுபத்தைந்து வயதில் அந்த வாசற்படியை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. எனக்கு இரண்டடி முன்னால் முத்துராசு, கையில் வடையோடு, மூச்சு வாங்க நிற்கிறான். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். நான் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். காளியம்மாள் கட்டிலில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லில்லாத வாயைத் திறந்து, கண்ணில் நீர் வழிய, காதுமிசின் மடியில் விழுந்தது தெரியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்.

முத்துராசு தெருவிலிருந்து நகரவில்லை.

"அண்ணாச்சி, அத்தை சிரிக்காகளா?"

"சிரிக்காக."

"நெசமா?"

"நெசமாத்தாம்லே" என்றேன்.